பத்து வேலை நாள்

லினெட் ஹாலமுக்குப் பொய் சொல்ல வராது. ஹெதர்லி ஊரில் அவளைத் தெரிந்தவர்களுக்குள் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. தங்கமான மனுஷி என்பார்கள் சிலர், பிழைக்கத் தெரியாதவள் என்பார்கள் மற்றவர்கள். ஒருமுறை பஸ்ஸில் டிக்கெட் இயந்திரம் பழுதாகிப்போய், ஓட்டுநர் எல்லாரையும் சும்மா ஏற்றிக்கொண்டார். ஊரே சிரித்துக்கொண்டு இறங்கிப் போனது. இவள் மட்டும் மறுநாள் மழையில் டிப்போ வரைக்கும் நடந்து, மேசையில் சில்லறையை எண்ணி வைத்து, "நேத்து குடுக்காம விட்ட டிக்கெட் காசு கண்ணு" என்றாள். அங்கே உட்கார்ந்திருந்தவனுக்கு அதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. தெருநாய்களுக்கான உண்டியலில் போட்டான். அதற்கும் அவள் ரசீது கேட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நான் நம்பவில்லை.

இந்தக் குணம்தான் பின்னால் அவள் தலையிலேயே கல்லைத் தூக்கிப் போட்டது.

அவளுக்கு வயது அறுபத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஐயோ பாவம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் குடிகாரன். இன்னொருவன் நல்லவன்தான், ஆனால் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, "நெவிலை எங்கயாவது நல்ல எடமாப் பாத்து விட்டுடலாம்ல?" என்று கேட்டுவிட்டான். அந்த டீயை அவன் முடிக்கவில்லை. கோட்டை எடுத்துக் கையில் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

நெவில் அவள் தம்பி. ஒன்பது வயது இளையவன். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். இருபதைத் தாண்ட மாட்டான் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் மூன்று பேர் கைவிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நெவிலுக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது, தட்டில் பட்டாணி வைத்தால் இன்னும் கொஞ்சம் கேட்கிறான்.

அப்பா அம்மா போன பிறகு அக்காளும் தம்பியுமாகவே முப்பது வருஷம். திங்கள் முதல் வெள்ளி வரை, நெவில் மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பகல் நேர இல்லத்தின் வேன் காலை எட்டரைக்கு வாசலுக்கு வரும். அங்கே நாற்காலி போடுவது நெவிலின் பொறுப்பு. வேறு யாராவது போட்டால் எடுத்துவிட்டு மறுபடியும் போடுவான். லினெட் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை முடித்து மூன்று மணிக்கு வீட்டில் இருப்பாள், வேன் மூன்றரைக்கு வரும். அந்த அரை மணியில் அவள் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து உட்காருவாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ராத்திரி படுக்கப் போகுமுன் நெவில் சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தேதியைச் சிவப்புப் பேனாவால் அடிப்பான். அடித்தால்தான் அவனுக்கு அந்த நாள் முடியும்.

செப்டம்பரில் ஒரு கடிதம் வந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து பகல் நேர இல்லம் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும். செவ்வாயும் வியாழனும் மூடல். விஷயத்தைப் பேச ஹர்ப்ரீத் வந்தாள். நெவிலின் விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு சமூகப் பணியாளர், சின்னப் பெண். வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"லினெட், அந்த ரெண்டு நாளும் வீட்ல யாராவது இருக்கணும். அவரத் தனியா விட எங்க விதியில எடமில்ல."

"எனக்கும்தான் எடமில்ல கண்ணு. போன தடவ தனியா விட்டப்போ அடுப்ப அணைக்கிறேன்னு போயி பாத்டப்ப நெறச்சு வெச்சிருந்தான்."

"யாரும் இல்லன்னா, ஸ்கெக்னஸ்ல ஒரு இல்லத்துல எடம் இருக்கு. கடல் பக்கத்துல. நல்ல எடம். ஆனா அங்கேயே தங்கணும், ரெண்டு நாளைக்கு மட்டும்னு தர மாட்டாங்க."

நெவில் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே கேட்டான்: "ஸ்கெக்னஸா? லீவுக்கா?"

லினெட் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்ததால் அவனும் கேள்வியை மறந்துவிட்டான்.

வழி ஒன்று உண்டு என்று காட்டியவள் பெவர்லி. சமையலறையில் லினெட்டோடு பதினாலு வருஷமாக நிற்பவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஒரு வியாழக்கிழமை பாத்திரமெல்லாம் கழுவி முடித்து இருவரும் டீயோடு உட்கார்ந்தார்கள். பெவர்லி ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து, கஸ்டர்ட் கேக்கில் ஒரு துண்டை வெட்டி லினெட் பக்கம் தள்ளினாள்.

"சாக்ஸ் ஆலையில பதினொரு வருஷம் இருந்தியே, அங்க வாராவாரம் பென்ஷனுக்குப் பிடிச்சாங்கல்ல? அது எங்க?"

"எங்கயோ இருக்கு. முன்ன வருஷத்துக்கு ஒரு கடுதாசி வந்துக்கிட்டிருந்துச்சு."

"அதுதான்டி உன் ரெண்டு நாள் சம்பளம்! அங்க இருக்குறவன் அறுபத்தஞ்சு ஆனாத்தான் தொடவே விடுவான். அத இங்க நம்ம பென்ஷனோட சேத்துட்டேன்னா மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் பண்ணாரு. நீ வாரத்துல மூணு நாள் வா, செவ்வாயும் வியாழனும் வீட்ல இரு. முடிஞ்சுது ஜோலி."

லினெட் பாதித் துண்டைத் தின்றாள். மீதியைக் காகிதத்தில் சுற்றி நெவிலுக்கு எடுத்துப் போனாள். அந்தக் கேக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சமையலறை மேலாளரும் மறுக்கவில்லை. மூன்று நாள் வேலை தருகிறேன், பிப்ரவரி கடைசிக்குள் உறுதியாகச் சொல் என்றார். செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஐந்து மாதம் கிடக்கிறதே, போதாதா என்று லினெட் நினைத்தாள். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

பென்ஷன் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். ஒரு இயந்திரக் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். வரிசையில் காத்திருக்கவும். உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது. பிறகு வயலினும் ட்ரம்முமாக ஒரு மெட்டு. லினெட் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். நெவிலுக்கு அந்த மெட்டு பிடித்துப்போயிற்று. எழுந்து நின்று ஆட ஆரம்பித்தான். மெட்டு நின்று குரல் வரும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், மறுபடியும் மெட்டு வந்தால் ஆடுவான். நாற்பத்தைந்து நிமிஷம். இரண்டு பேருக்கு வேண்டிய கிழங்கு முடிந்து, நாலு பேருக்கு உரித்துவிட்டாள்.

கடைசியில் ஒரு பையன் எடுத்தான். "லினெட்னு கூப்பிடலாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். எல்லாம் கேட்டுக்கொண்டு, "விண்ணப்பத்தப் பத்து வேலை நாளுக்குள்ள அனுப்பிடறோம்" என்றான்.

"பத்து வேலை நாள்னா?" என்று கேட்டான் நெவில், சிவப்புப் பேனாவோடு.

"சனி, ஞாயிறு கணக்கில்ல. மத்த நாள எண்ணணும்."

"சனிக்கிழமை அவங்க என்ன பண்ணுவாங்க?"

"வீட்ல இருப்பாங்க."

"வீட்ல சும்மா இருந்தா போன எடுக்கலாமே?"

நாட்டில் பெரிய படிப்புப் படித்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி.

பத்து வேலை நாள் போயிற்று, விண்ணப்பம் வரவில்லை. மறுபடியும் போன், மறுபடியும் ஆட்டம். அனுப்பியாயிற்றாம், அவள் முன்பு குடியிருந்த நெல்சன் தெரு வீட்டுக்கு. அந்தத் தெருவை இடித்து முப்பது வருஷம் ஆகிறது, இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். புது முகவரிக்கு அத்தாட்சி அனுப்பினாள். பத்து வேலை நாள். நவம்பரில் விண்ணப்பம் வந்தது, நிரப்பிப் பதிவுத் தபாலில் போட்டாள். கிணற்றில் போட்ட கல்தான். போன் செய்தால், சாக்ஸ் ஆலைக் கணக்கையெல்லாம் வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம், புதிதாக ஆரம்பிக்க வேண்டுமாம். அங்கே பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். இல்லை. கார் ஓட்டும் உரிமம்? அதுவும் இல்லை. பிறப்புச் சான்றிதழையும் கேஸ் பில்லையும் எடுத்துக்கொண்டு போய், பள்ளியின் தலைமையாசிரியையிடம் 'இவள் இவள்தான்' என்று எழுதி வாங்கினாள். பத்து வேலை நாள்.

ஒவ்வொரு தடவையும் போனில் முதலில் மன்னிப்புக் கேட்பது லினெட்தான். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ கண்ணு, மறுபடியும் நான்தான்." பெவர்லிக்கு ரத்தம் கொதித்தது.

"நீ எதுக்குடி மன்னிப்பு கேக்குற? குடு, நான் ரெண்டு வார்த்த கேக்குறேன்!"

ஆனால் பணத்துக்கு உரியவரைத் தவிர வேறு யாரிடமும் பேச மாட்டார்களாம். அது பாதுகாப்புக்காம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வயலின் கேட்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் நெவில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு ஆடினான்.

ஜனவரியில் நல்ல சேதி வந்தது. எல்லாத் தாளும் சரி, கடைசியாக ஒரே ஒரு கேள்விப் பட்டியல், அதை நிரப்பி அனுப்பினால் பணம் மாறிவிடும். ஏமாற்றுக்காரர்கள் வயதானவர்களின் சேமிப்பைக் கறந்துகொண்டு போகாமல் இருக்க அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. ஏற்பாடு நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாக எழுதினாள். ஏழாவது கேள்வி: 'இந்த மாற்றத்தைச் செய்யும்படி உங்களுக்கு யாராவது யோசனை சொன்னார்களா? அதற்காக உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா? ஆம் எனில் விவரம் தருக.'

பேனா நின்றது. யாராவது என்றால் யாராவதுதானே. ஏதாவது என்றால் ஏதாவதுதானே. யோசனை சொன்னவள் பெவர்லி. சொன்னபோது கொடுத்தது? லினெட்டுக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருந்தது. கீழே கையெழுத்துப் போடும் இடத்தில், 'மேலே கூறிய யாவும் முழு உண்மை' என்று அச்சடித்திருந்தார்கள். அவள் எழுதினாள்: 'ஆம். பெவர்லி ஸ்டோன், என்னோடு வேலை செய்பவர். கஸ்டர்ட் கேக் ஒரு துண்டு. ஒரு கப் டீயும்.'

நெவில் எட்டிப் பார்த்தான். "என்ன எழுதுற?"

"பெவர்லி கேக்கு குடுத்தாங்கல்ல, அத."

"நானும் தின்னேனே."

நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. 'பாதியைத் தம்பிக்குக் கொண்டுவந்தேன்' என்று சேர்த்து எழுதி, உறையை ஒட்டித் தபாலில் போட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பிப்ரவரி இரண்டாம் வாரம் பதில் வந்தது. 'உங்கள் விண்ணப்பத்தில் மோசடிக்கான அறிகுறி காணப்படுவதால் பரிமாற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மாற்றத்துக்காக மூன்றாம் நபர் ஒருவர் வெகுமதி அளித்துள்ளார்.' அரசு ஆலோசகர் ஒருவரோடு தொலைபேசியில் பாதுகாப்பு நேர்காணல் முடிந்த பிறகே மேற்கொண்டு எதுவும் நடக்கும். அவள் அந்த ஆலோசனை மையத்தைக் கூப்பிட்டாள். கிடைத்த முதல் தேதி மார்ச் இருபத்தாறு.

பள்ளிச் சமையலறையில் கடிதத்தைப் படித்ததும் பெவர்லியின் முகம் சிவந்தது. "மூன்றாம் நபரா? நானா? ஒண்ணரைப் பவுண்டு காசு கேக்குக்கு நான் மோசடிக்காரியா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுறதா? உனக்கு மூள இருக்கா இல்லையா?"

"முழு உண்மைன்னு போட்டிருந்துச்சு, பெவ்."

பெவர்லி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே லினெட்டின் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேரும் அன்றைக்கு முந்நூறு பிள்ளைகளுக்கு மசித்த கிழங்கு பரிமாறினார்கள்.

உண்மையான திருடன் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான், அவனுக்கு அது ஒரு நொடி வேலை. அந்த வலையில் விழுவதெல்லாம் லினெட் மாதிரி ஆட்கள்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஹர்ப்ரீத் தன்னால் ஆனதைச் செய்தாள். மேலதிகாரியிடம் மன்றாடினாள், நடக்கவில்லை. சம்பளம் இல்லாமல் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் வாடகை நிற்கும், வாடகை நின்றால் வீடே போகும். கடன் தருகிறேன் என்ற பெவர்லியிடம், எப்போது திருப்புவேன் என்று தெரியாமல் வாங்க மாட்டேன் என்று லினெட் சொல்லிவிட்டாள். மேலாளர் மட்டும் மூன்று நாள் வேலையை மே மாதக் கடைசிவரை பிடித்து வைக்கிறேன் என்றார்.

"பன்னெண்டு வாரத்துக்குத் தற்காலிகம்னு எழுதியிருக்கேன்" என்றாள் ஹர்ப்ரீத். "அதுக்குள்ள பணம் வந்துட்டா கூட்டிட்டு வந்துடலாம். தாண்டிடுச்சுன்னா நிரந்தரமாயிடும் லினெட். அப்புறம் திருப்பிக் கொண்டுவர்றது கஷ்டம். நான் பொய் சொல்ல விரும்பல."

மார்ச் முதல் தேதி, சனிக்கிழமை. லினெட் தம்பியோடு ரயிலில் ஸ்கெக்னஸ் போனாள். அவன் சிவப்புப் பேனாவையும் காலண்டரையும் கையிலேயே வைத்திருந்தான். இல்லத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள், அறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது, மத்தியானச் சாப்பாட்டில் பட்டாணியும் இருந்தது. சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது கேட்டான்: "எப்ப வீட்டுக்கு?"

அவளுக்குத் தெரியாது. ஆனால் ஐந்து மாதமாகக் காதில் ஓதிய வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது.

"பத்து வேலை நாள் கண்ணு."

நெவில் தலையாட்டினான். சனி, ஞாயிறை விட்டுவிட்டு விரலால் எண்ணி, காலண்டரில் ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டான்.

தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் செய்வாள். போனை அவனிடம் கொடுப்பார்கள். முதல்நாளே அவன் குரலை மாற்றி, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். வரிசையில் காத்திருக்கவும்" என்று சொல்லி, அந்த மெட்டை வாயாலேயே முழுக்க வாசித்தான். பிறகுதான், "லின்! நான்தான்!" என்றான். லினெட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு அது அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. மெட்டு முடியும்வரை அவள் காத்திருப்பாள்.

வீட்டில் மூன்றரை மணிக்கு வேன் வராது. ஆனாலும் அவள் மூன்றரைக்கு ஸ்டூலிலிருந்து காலை இறக்கிவிடுவாள். இரண்டு பேருக்குப் பொங்கித் தின்ற கை, கிழங்கை ஒருத்திக்கு எண்ணி எடுக்கப் பழகவில்லை.

பத்தாவது வேலை நாள் வந்தது. மெட்டு முடிந்ததும் நெவில், "பத்து ஆச்சு" என்றான்.

"இன்னும் ஒரு பத்து, கண்ணு."

 கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னான்: "உங்கள் பொறுமைக்கு நன்றி."

அவன் வேடிக்கைக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுப் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். அந்த நிறுவனத்தில் முகம் தெரியாத பையன்கள் அவளுக்குச் செய்ததை அவள் தன் தம்பிக்குச் செய்துகொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல மனசு வராமல் ஒரு எண்ணைச் சொல்வது, சொன்ன எண்ணை நம்பி ஒருவன் காத்துக் கிடப்பது. அவர்கள் சொன்னதும் பொய் இல்லை என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். பஸ் காசு கொடுக்க டிப்போவுக்கு நடந்தவள், தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யை, அவளை அப்படியே நம்புகிற ஒருவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனாள். அறைக் கதவுக்குப் பக்கத்தில் அவனுடைய பை கட்டி வைத்திருந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கட்டி வெச்சிடறாருங்க" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண். "திங்கக்கிழமை நாங்க பிரிச்சு அடுக்குவோம். தடுக்க மாட்டாரு, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருப்பாரு."

லினெட் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நெவில், நான் பத்து வேலை நாள்னு சொன்னது பொய். எப்பன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

அவன் யோசித்தான். காலண்டரில் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தான்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும்ல?"

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"சரி" என்றான். "கடலப் பாக்கப் போலாமா?" இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு காற்றில் நடந்து, சிப்ஸ் வாங்கித் தின்றார்கள். அதில் பாதியைக் கடற்காக்கைகள் கொத்திக்கொண்டு போயின.

மார்ச் இருபத்தாறாம் தேதி பதினொரு மணிக்கு ஆலோசகர் கூப்பிட்டார். பெயர் எம்லின், வேல்ஸ் பக்கத்துப் பேச்சு. சமையலறை மேலாளர் தன் அறையைக் கொடுத்திருந்தார். பெவர்லி கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்றாள், துடைக்கவில்லை.

"லினெட், இந்த உரையாடல் பதிவாகுதுங்க. இந்த பெவர்லி ஸ்டோன உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"பதினாலு வருஷங்க."

"இந்த மாற்றத்தால அவங்களுக்கு ஏதாவது லாபம்?"

"கேக்கு அவங்க வாங்கினது. டீத்தூளும் அவங்களுது. நஷ்டம்தாங்க."

எம்லின் இருமினார். இருமல் மாதிரி இல்லை. "வற்புறுத்தினாங்களா?"

"இன்னொரு துண்டு எடுத்துக்கன்னு வற்புறுத்தினாங்க. நான் எடுத்துக்கல."

வெளியே துடைப்பம் கீழே விழும் சத்தம் கேட்டது.

"கடைசிக் கேள்விங்க. இந்த மாற்றம் உங்களுக்கு ஏன் வேணும்?"

ஆறு மாதத்தில் இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள், கேஸ் பில்லைக் கேட்டார்கள், ஏன் என்று கேட்கவில்லை. லினெட் வாயைத் திறந்தாள், நிறுத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை, வேன், நாற்காலி, சிவப்புப் பேனா, ஸ்கெக்னஸ், திங்கட்கிழமை பிரிக்கிற பை, தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னாள். எம்லின் கடைசிவரை கேட்டார்.

முடிந்ததும் சொன்னார்: "லினெட், இதுக்குப் பதில் எழுத எனக்கு இங்க ஒரு வரிதான் எடம் விட்டிருக்காங்க."

"அப்படின்னா 'தம்பி'ன்னு எழுதிடுங்க."

"எழுதிட்டேங்க" என்றார் அவர்.

அவர் அன்றைக்கே அனுமதிச் சீட்டை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் பென்ஷன்காரர்கள் ஒரு பத்து வேலை நாள், ஈஸ்டர் விடுமுறை, மறுபடியும் ஒரு பத்து வேலை நாள் எடுத்துக்கொண்டார்கள். லினெட் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். தினமும் கூப்பிட்டாள். "நேத்து கூப்பிட்ட அதே ஆளுதான் கண்ணு. நாளைக்கும் கூப்பிடுவேன். எப்பன்னு தெரிஞ்சா சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்பாள். ஒரு பெண் கடைசியில் தாழ்ந்த குரலில், "எனக்குத் தெரியலீங்க லினெட்" என்றாள். லினெட் அவளுக்கு மனசாற நன்றி சொன்னாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

ஒன்பதாவது வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், சாக்ஸ் ஆலைப் பணம் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கடிதம். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், நல்லெண்ண அடையாளமாக எழுபத்தைந்து பவுண்டு அனுப்புகிறோம். ஒன்பது வாரத்துக்கு எழுபத்தைந்து! வாரத்துக்கு எட்டுச் சொச்சம். என்னிடம் வந்திருந்தால் அந்தக் கடிதத்தை என்ன செய்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். லினெட் பேக்கரிக்குப் போய் ஒரு முழு கஸ்டர்ட் கேக் வாங்கி, மூடியைத் திறந்து பெவர்லியின் முன்னால் வைத்தாள்.

"அடிப்பாவி" என்றாள் பெவர்லி, கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. "இத மட்டும் எங்கயும் எழுதிப் போட்டுடாத, சொல்லிட்டேன்."

மேலாளரிடம் மூன்று நாள் என்று உறுதியாகச் சொன்னாள். ஹர்ப்ரீத்துக்குச் சேதி சொன்னாள், அந்தப் பெண் போனிலேயே ஓ என்று கத்தினாள். ஆறரை மணி ஆகும்வரை காத்திருந்தாள். ஆறரைதான் அவன் நேரம்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். வரிசையில் காத்திருக்கவும்."

மெட்டு ஆரம்பித்தது. வயலின் முடிந்து ட்ரம், ட்ரம் முடிந்து மறுபடி வயலின். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒன்பது வாரமாக அவன் காத்திருந்தான், இந்த ஒரு மெட்டு அவள் காத்திருக்கக் கூடாதா?

"லின்! நான்தான்!"

"நெவில், கேளு. நாளைக்கு வரேன். வீட்டுக்குப் போறோம்."

அந்தப் பக்கம் காலண்டர் தாள் சலசலத்தது.

"நாளைக்கு சனிக்கிழமை லின். வேலை நாள் இல்ல."

"அது அவங்களுக்கு. எனக்கு இல்ல. மொத ரயிலுக்கே வந்துடுவேன். நீ ராத்திரியே பையக் கட்டி வெச்சிடு."

நெவில் சிரித்தான். இதுகூடத் தெரியாதா என்கிற சிரிப்பு.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்ல" என்றான். "கட்டியாச்சு."